கெரூன் கிரகத்தில் கூரை ஒழுகுகிறது

மற்ற வீடுகளில் ஆண்கள் ஓய்வு பெற்றால் காசிக்குப் போகலாம் என்பார்கள். இல்லையென்றால் மொட்டை மாடியில் ரோஜாத் தொட்டி வைப்பார்கள். என் வீட்டுக்காரர் வேறு கிரகத்துக்குப் போக வேண்டும் என்றார்.

கிரகத்தின் பெயர் கெரூன். அது ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர். மின்வாரியத்தில் காலமெல்லாம் கம்பம் கம்பமாக அலைந்த மனிதர், சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் பார்ப்பார். கதை இதுதான். பூமியில் எரிபொருள் தீர்ந்துவிடுகிறது. எங்கோ குளிரும் பனியுமாக ஒரு கிரகம், அங்கே ஒரு செடி. அதன் இலையைப் பிழிந்து ஊற்றினால் விண்கலம் ஓடும். அந்த இலையைப் பறிக்க முதுகில் கூடை மாட்டிய நீல நிற மனிதர்கள், அவர்களை மேய்க்கத் தொப்பி போட்ட பூமிக்காரர்கள். "இதுல விஞ்ஞானம் எங்கே, கற்பனை எங்கே?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "உனக்குப் புரியாது சரசு" என்றார்.

படம் பிடித்த இடம் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் என்றும், படப்பிடிப்பு முடிந்த இடத்தைச் சுற்றுலாத் தலமாக்கிவிட்டார்கள் என்றும் எங்கோ படித்துவிட்டார். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். கிரகம் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. என் தூக்கமும் கூடவே போனது.

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ரயில். இவர் கெரூன் சின்னம் போட்ட சாம்பல் நிறச் சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த உடுப்பில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் ஒரு சிங்களத் தம்பதி. அந்த அம்மாள் இவரைப் பார்த்துக் கணவரிடம் ஏதோ முணுமுணுத்தார். எதிரே இருந்த யாழ்ப்பாணத்து வாத்தியார் கேட்காமலே எனக்கு மொழிபெயர்த்தார்: "பாவம், ஆஸ்பத்திரியில இருந்து நேரா வந்திட்டார் போல எண்டு சொல்லுறா." நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

மலை ஏற ஏற வாசலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்து வெளியே தொங்க ஆரம்பித்தார்கள். ஒருவர் தொங்க, ஒருவர் படமெடுக்க, பின்னால் வரிசை. எங்கள் ஊரில் படிக்கட்டில் தொங்கினால் அபராதம் போடுவார்கள். இங்கே அதற்காகவே கடல் கடந்து வருகிறார்கள்.

ஹட்டனில் இறங்கியதும் பசி. ஒரு கடையில் உட்கார்ந்தோம். கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், பருப்பு வடை, மீன் வைத்த பன் என்று கொண்டு வந்து வைத்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி எடுத்ததற்கு மட்டும் கணக்கு, மிச்சத்தைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார்கள். இவருக்கு அது தெரியாது. வைத்ததை மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்து, வியர்க்க விறுவிறுக்க முழுத் தட்டையும் தின்று முடித்தார். கடைக்காரர் பயபக்தியோடு இன்னொரு தட்டு கொண்டு வந்து வைத்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன்.

தோட்டத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அங்கே போகிற வழியில், ஏற்றம் பாதியில் நாங்கள் ஏறிய த்ரீவீலின், நம் ஊர் ஆட்டோதான், கிளட்ச் கேபிள் அறுந்தது. இவரும் டிரைவரும் தள்ள, நான் கைப்பையோடு பின்னால் நடந்தேன். மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இவர் நிமிர்ந்து, வலது கையை நெற்றியில் வைத்து எடுத்து, "பொலி!" என்று கத்தினார்.

கெரூன்வாசிகளின் வணக்கம் அதுதானாம். 'உன் சூரியன் அணையாதிருக்கட்டும்' என்று அர்த்தமாம். அந்த மொழிக்கு இலக்கணமே இருக்கிறதாம், இணையத்திலிருந்து இறக்கிப் படித்திருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் களத்தில் நெல்லைத் தூற்றும்போது, விளைச்சல் பெருகட்டும் என்று என் அப்பா சொன்ன அதே பொலி. இந்த மலையில் காலையில் முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது இந்தப் பெண்கள் சொல்கிற பொலியும் அதுதான் என்று டிரைவர் சொன்னார். அதை எவனோ காதில் வாங்கிக்கொண்டு போய்க் கிரகத்துக்கு மொழி செய்துவிட்டான்.

மலையில் ஒரே சிரிப்பு. ஒருத்தி கேட்டாள்: "என்னாண்ணே, இன்னைக்கு நீங்களும் நீலத்துக்கா?"

நீலம் என்றால் என்ன என்று மறுநாள் காலையில் தெரிந்தது. தங்கிய விடுதி பழைய கணக்கப்பிள்ளை வீடு. அதற்கு எதிரேதான் பெரட்டுக் களம், அதாவது தினமும் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற இடம். கங்காணி கையில் குடையோடு நின்று சத்தம் போட்டார்: "நீ மலைக்கு. நீயும் மலைக்கு. ராஜேஸ்வரி, நீ நீலத்துக்கு. இந்தா, நீ ஏன் நேத்து நீலத்துக்கு லேட்டு?" முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு வேற்றுக்கிரகவாசியாக நிற்பதும் இங்கே ஒரு வேலை. கொழுந்து, கவ்வாத்து என்கிற கிளை வெட்டு, நீலம். இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

கிரகத்துக்கு வாசல் ஒரு பெரிய வெள்ளி வளைவு. அதன் கீழே விண்வெளி உடுப்பில் ஒரு வழிகாட்டி, எங்களோடு பல நாட்டுச் சுற்றுலாக்காரர்கள். எல்லோரும் பளபளவென்று உடுத்தியிருந்தார்கள். நான் மட்டும் புடவை. குளிருக்குத் தலையில் துண்டைக் கட்டியிருந்தேன். இவர் வளைவைப் படமெடுப்பதில் உலகத்தையே மறந்துவிட்டார். யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். "இங்க நின்னு என்ன பராக்குப் பாக்குறீங்க? உள்ள போங்க, போங்க!" ஒரு பெண் என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு கொட்டகையில் ஸ்டூலில் உட்கார வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் இடது கன்னத்தில் சில்லென்று ஒரு பூச்சு. நீலம்!

"அடியேய், நிறுத்துடி! இவுங்க நம்ம ஆளில்ல" என்று ஒரு குரல். பாதி முகம் நீலமும் பாதி முகம் கறுப்புமாக ஒரு பெண் எழுந்து வந்தாள். பெரட்டில் பெயர் கேட்ட ராஜேஸ்வரி. நாற்பதைத் தாண்டியிருப்பாள். தொடரிலேயே கெரூனின் ராணியாக நடித்தவள் அவள்தான் என்று பிறகு தெரிந்தது. "மன்னிச்சுக்கங்கக்கா. சீலயும் துண்டுமா இருக்கவும் நம்ம லயத்து ஆளுன்னு நெனைச்சுட்டா. எந்த ஊருங்க?"

"திருச்சி."

"அட! எங்க தாத்தா ஆளுங்களும் அந்தப் பக்கந்தான். துறையூருன்னு சொல்லுவாங்க. நாங்க பாத்ததில்ல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாசலில் நின்ற கூட்டத்தில் என்னை மட்டும் பிடித்து இழுத்தவள் பெரிதாக என்ன தப்புச் செய்துவிட்டாள்? சாயம் லேசில் போகவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே ராஜேஸ்வரி பேசினாள். மகளுக்கு முதல் பிள்ளை பிறந்திருக்கிறது, பெண் குழந்தை. எடை குறைவு என்று ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்களாம், இப்போது தேறிவிட்டது.

"நாளைக்கழிச்சு வீட்டுக்குக் கூட்டியாறணும்க்கா. சளி புடிக்காம பாத்துக்கங்கன்னு நர்ஸ் நூறு தடவ சொல்லுது. எங்க காம்பராவுல கூரை ஒழுகி எந்த மூலைலயும் ஈரந்தான். புள்ளய எங்க போடுறது? எனக்கு அதே யோசனையா இருக்கு."

"தகரம் மாத்தக் கூடாதா?"

"தகரம் இருக்குக்கா. புதுத் தகரம். பழைய பேக்டரில அடுக்கி வச்சிருக்காங்க. கேட்டா, அது சூட்டிங் சாமாங்கிறாங்க. நாங்களா வாங்கிப் போடவும் விடமாட்டேங்கிறாங்க. டீவில வந்தது மாதிரியே இருக்கணுமாம்." துணியை உதறினாள். "ஒழுகுறதையும் சேர்த்துத்தான்."

என்னைக் காணோம் என்பது இவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. கன்னத்தில் நீலக் கறையோடு நான் திரும்பி வந்ததைப் பார்த்து, "உனக்கு மட்டும் பூசிவிட்டாங்களா?" என்று பொறாமையோடு கேட்டார். இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியதற்கு எனக்கு யாராவது பொன்னாடை போர்த்த வேண்டும்.

சுற்றுலா ஆரம்பமானது. பழைய தேயிலைத் தொழிற்சாலைதான் விண்கலத் தளம். கொழுந்து வாட்டுகிற மாடியில் வரிசையாக விளக்குப் போட்டு, அதுதான் எரிபொருள் அறை என்றார்கள். மலைச் சரிவில் ராஜேஸ்வரியும் மற்றப் பெண்களும் நீல முகத்தோடு கொழுந்து பறிப்பதுபோல் நடித்தார்கள். பறிக்கத் தெரிந்தவர்களை எதற்கு நடிக்கச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பறித்த கொழுந்தைத் திரும்பச் செடியடியிலேயே கொட்டச் சொன்னபோது ஒருத்தி முகத்தைச் சுளித்ததை நான் பார்த்தேன்.

கடைசியாகக் கெரூன் கிராமம். பத்துக் காம்பரா கொண்ட ஒரு லயம், அதாவது ஒரே கூரைக்கடியில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். துருப்பிடித்த கூரை, அதன்மேல் கற்கள். ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு குடும்பம். சுற்றுலாக்காரர்கள் வருகிற நேரத்தில் சட்டிபானையை ஒதுக்கிவிட்டு வெளியே போய்விட வேண்டும். எங்களை ராஜேஸ்வரியின் காம்பராவுக்குள் கூட்டிப் போனார்கள். இருட்டு. தரையில் ஒரு பித்தளைத் தாம்பாளம், இரண்டு அலுமினியச் சட்டி, ஒரு பெயின்ட் வாளி. ஒவ்வொன்றிலும் சொட்டு, சொட்டு.

வழிகாட்டி குரலைத் தாழ்த்தினார். "இது கெரூன் மக்களின் நீர்க்கடிகாரம். வானத்திலிருந்து விழும் துளிகளை எண்ணித்தான் அவர்கள் காலத்தை அறிகிறார்கள்."

ஒரு பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. தாடி வைத்த தாட்டியான ஒரு ஜெர்மன்காரர் தொப்பியைக் கழற்றினார். இவர் நெஞ்சில் கை வைத்து நின்றார். முதல் சீசனில் ஆறாவது கதையாம், அதைப் பார்த்து அழாத ஆளே கிடையாதாம். இடம் பார்க்க வந்த எவனோ ஒழுகலுக்கு வைத்த சட்டியைப் பார்த்திருக்கிறான், போய்ச் சாமியாக்கிவிட்டான். வேறென்ன?

"எங்க வீட்டுலயும் ஒரு நீர்க்கடிகாரம் இருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு அடைச்சோம்" என்றேன் சத்தமாக. இவர் என்னைக் கிள்ளினார்.

வெளியே சுற்றுலாவை நடத்துகிற மேனேஜரைப் பிடித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்தான், அதுதான் எரிச்சல். கன்னத்து நீலத்துக்கு மன்னிப்புக் கேட்டு டீ கொடுத்தார்.

"அந்தத் தகரத்தை ஏன் போட விடமாட்டேங்கிறீங்க?"

"அம்மா, ஒரிஜினல் எண்டது ஒண்டு இருக்குத்தானே. ஆக்கள் இஞ்ச வாறதே அதைப் பாக்கத்தான். புதுத் தகரம் போட்டா இது கெரூன் இல்லை, வெறும் லயம்."

"இது வெறும் லயம்தானே?"

அவர் சிரித்தார். டீயை ஊதிக் குடித்தார்.

சாயங்காலம் ராஜேஸ்வரி எங்களைத் தன் காம்பராவுக்குக் கூப்பிட்டாள். தேங்காய்ப்பூ ரொட்டி, மிளகாயை இடித்துச் செய்த, கண்ணில் நீர் வரவைக்கிற கட்டச்சம்பல், உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிக்கிற, பால் விடாத டீயான சாயத்தண்ணி. ஹட்டனில் தின்றதற்கு இது அமிர்தம். மழை பிடித்துக்கொண்டது. தாம்பாளமும் சட்டிகளும் பேச ஆரம்பித்தன. ஒரு சொட்டு இவருடைய வழுக்கையில் விழுந்தது. நகர்ந்தார், அங்கேயும் விழுந்தது. கடிகாரம் நல்ல வேகத்தில் ஓடியது. இவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கூரையையே பார்த்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் ராஜேஸ்வரி. "இந்தப் படத்துல கத என்னாங்க?"

"உனக்குத் தெரியாதாம்மா? நீதானே ராணி!"

"போன்ல கொஞ்சம் பாத்தோங்க. எல்லாம் இங்கிலீசு. நம்ம மூஞ்சியே நமக்குத் தெரியல, நீலமா இருக்கு. சூட்டிங்குலயும் இங்க நில்லு, அங்க ஓடு, அழுவுன்னாங்க. எதுக்கு அழுவுறோம்னு யாரும் சொல்லல."

இவருக்கு உயிர் வந்துவிட்டது. சம்மணம் போட்டு மூன்று சீசனையும் சொன்னார். ராஜேஸ்வரியின் புருஷன் முருகையா சுவரில் சாய்ந்து 'உம்' கொட்டினான். பூமிக்காரன் சாட்டை எடுத்த இடத்தில் "தொரமாருக" என்றான், அவ்வளவுதான். கடைசிக் கதைக்கு வந்தார். விண்கலம் விழுந்து நொறுங்குகிறது. ராணி எல்லோரையும் கூட்டிப்போய் அதன் தகடுகளைத் தலையில் சுமந்து வந்து கிராமத்துக்குக் கூரை போடுகிறாள். "அதோட முடியுது. உலகமே எழுந்து நின்னு கைதட்டுச்சு" என்றார் இவர் கரகரத்த குரலில்.

ராஜேஸ்வரி புருஷனைப் பார்த்தாள். "அந்தத் தகரந்தான்! வெள்ளிப் பெயின்ட் அடிச்சு எங்க தலையில ஏத்தினாங்க. ஒரு முழு நாளு வேல. மூணு காம்பராவுக்கு நாங்களே போட்டோங்க. அன்னைக்கு ராத்திரி வீடு காஞ்சு கெடந்துச்சு. விடிஞ்சதும் வந்து கழட்டிட்டுப் போயிட்டாங்க. சூட்டிங் முடிஞ்சிருச்சாம்."

நான் அந்தப் படக்காரர்களை வாய்விட்டுத் திட்டினேன். இவர் உடுப்பில் இருந்த சின்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டார்.

ராஜேஸ்வரி மட்டும் எதையோ யோசித்தபடி இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, அப்ப தகரம் போட்டதும் டீவில வந்ததுதானே? அதுவும் ஒரிஜினல்தானே?"

மறுநாள் சுற்றுலா வழக்கம்போல் தொடங்கியது. இவர் இன்னொரு சீட்டு வாங்கினார். நேற்றுப் பார்த்த முகங்களே பாதிக்கு மேல். தாடிக்காரரும் இருந்தார், கிரகத்துக்கு ஒருமுறை வந்தால் போதாது போலிருக்கிறது. கிராமத்துக்கு வந்தோம். நீலப் பெண்கள் சும்மா நிற்க வேண்டிய இடம் அது. ராஜேஸ்வரி நிற்கவில்லை. நெற்றியில் கை வைத்து எடுத்து, "பொலி! பொலி!" என்று குரல் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையைப் பார்த்து நடந்தாள். மற்றப் பெண்கள் பின்னால் போனார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு வெள்ளித் தகரம்.

இவர் சும்மா இருப்பாரா? "சீசன் மூணு! கடைசிக் கதை!" என்று இங்கிலீஷில் அலறினார். அவ்வளவுதான். பல தேசத்துப் பைத்தியங்களும் ஒரே நேரத்தில் கத்தின. தாடிக்காரர் ஓடிப்போய் இரண்டு தகரத்தை ஒன்றாகத் தூக்கினார். நேற்றுக் கண் கலங்கிய பெண்மணி இன்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டே ஒரு முனையைப் பிடித்தாள். ஏற்றத்தில் மூச்சு வாங்க, "பொலி! பொலி!" என்று வரிசை வந்தது. கூலி வாங்காமல், நுழைவுச் சீட்டுக்குத் தாங்களே காசு கொடுத்துச் சுமந்தார்கள்.

லயத்துக் கூரையில் முருகையாவும் இரண்டு பேரும் ஏற்கெனவே ஏறி, பழைய தகரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மேனேஜர் மேலே பார்த்தபடி ஓடி வந்தார். "நிப்பாட்டுங்கோ! ஆர் சொன்னது? இது செட் சாமான்!"

"எங்க தலைக்கு மேலேருந்து கழட்டுனதுதானே சார்" என்றாள் ராஜேஸ்வரி. கையில் தகரம், முகத்தில் நீலம்.

அந்த நேரம் பார்த்து மழை வந்தது. திறந்து கிடந்த மூன்று காம்பராவுக்குள்ளும் நேராகக் கொட்டியது. பெட்டி, பாய், குழந்தைக்கென்று துவைத்து மடித்த துணி எல்லாம் உள்ளே. ராஜேஸ்வரியின் முகம் மாறிவிட்டது. எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது, இருந்த ஓட்டைக் கூரையும் போயிற்றே என்று. "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று மேனேஜரைப் பார்த்துக் கத்தினேன். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் கத்தினார்கள், ஜெர்மனில், பிரெஞ்சில், இன்னும் என்னென்னவோ பாஷையில். எல்லோர் கையிலும் போன், எல்லாம் அவர் முகத்துக்கு நேராக. மனிதர் ஒரு கணம் நின்றார். பிறகு தன் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு தகரத்தின் அந்த முனையைப் பிடித்தார்.

படப்பிடிப்பில் கம்பியால் கட்டியிருந்தார்களாம், கழற்றச் சுலபமாக. இந்த முறை முருகையா ஆணியும் வாஷரும் வைத்து அறைந்தான். இவர் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தார். கம்பத்தில் ஏறிய காலத்துப் பழக்கம், ஒன்றுகூடத் தவறவிடவில்லை. நான் துணிகளை அள்ளி என் புடவைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன். மூன்றாவது காம்பரா மூடியபோது எல்லோரும் தெப்பமாக நனைந்திருந்தோம். வந்தவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வாழ்நாளில் இப்படி ஒரு சுற்றுலா போனதில்லையாம்.

மேனேஜர் தலையைத் துவட்டிக்கொண்டே ராஜேஸ்வரியிடம் வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "பிள்ளை, நாளைக்கும் ஒரு க்ரூப் வருது. அவைக்கும் இப்பிடிச் செய்து காட்டினா நல்லாயிருக்கும். இண்டைக்குப் பின்னேரம் கழட்டி அடுக்கி வைச்சா…"

எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. ராஜேஸ்வரி அசையவே இல்லை.

"கழட்ட வேணாங்க சார். அவங்களுக்கு அடுத்த காம்பரா இருக்கு. இன்னும் ஏழு இருக்கு. நீங்க தகரம் மட்டும் வாங்கிப் போடுங்க."

மேனேஜர் லயத்தின் நீளத்தைப் பார்த்தார். நனைந்து நின்று சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். போனை எடுத்து, ஹட்டனில் இரும்புக் கடை வைத்திருக்கிற யாரிடமோ பேசியபடி நடந்தார்.

நாங்கள் புறப்படுகிற நாள் மகள் குழந்தையோடு வந்து இறங்கினாள். மழை விடவில்லை. ராஜேஸ்வரி நீலத்திலிருந்து பாதியில் ஓடி வந்திருந்தாள், முகம் கழுவ நேரமில்லை. அந்த நீல முகத்தைப் பார்த்துக் குழந்தை அழவில்லை, கொட்டாவி விட்டது. காம்பராவில் ஒரு சொட்டு இல்லை. சட்டிகள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டன. நடுவீட்டில் பித்தளைத் தாம்பாளத்தில் வெந்நீர் விளாவி, ராஜேஸ்வரி பேத்தியைக் கையில் ஏந்திக் குளிப்பாட்டினாள். நாங்கள் ஓரமாக நின்றோம். இவர் அன்று வேட்டி கட்டியிருந்தார்.

வாசலில் செருப்புச் சத்தம். அடுத்த க்ரூப், அடுத்த காம்பராவுக்குத் தகரம் போட வந்தவர்கள். ஒரு பெண் எட்டிப் பார்த்து ஏமாந்து போய் ஏதோ கேட்டாள். வழிகாட்டி அதைத் தமிழில் சொன்னார்: "நீர்க்கடிகாரம் இங்கேதானே இருந்தது, நின்றுவிட்டதா என்று கேட்கிறார்."

ராஜேஸ்வரி தலையை நிமிர்த்தவில்லை. குழந்தையின் முதுகில் தண்ணீரை வழித்துவிட்டாள்.

"நிக்கலைங்க. சரியாத்தான் ஓடுது. புள்ள குளிக்கிற நேரம்னு சொல்லுங்க."